பெட்டிக்குப் பெயிண்ட் அடிப்பது கடைசி வேலை

வெப் ஆப் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும். வாடிக்கையாளரிடம் ஒரு பாப்-அப் பெட்டியைக் காட்டினால் அவர் வாயிலிருந்து முதலில் வருவது நிறம்தான். "நம்ம போர்டு கலர்ல வருமா சார்? மேல லோகோ, மூலையெல்லாம் கொஞ்சம் வளைஞ்ச மாதிரி..." வரும், தாராளமாக வரும். சிஎஸ்எஸ்ஸில் கொஞ்ச நேர வேலை. ஆனால் பாப்-அப்பை நம் இஷ்டத்துக்கு அமைத்துக்கொள்ளலாம் என்று இறங்கும்போது, எதை மாற்றலாம், எதில் கை வைக்கவே கூடாது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

என் கட்சி இது. பெட்டி எப்படித் திறக்கிறது, எப்படி மூடுகிறது என்பதையெல்லாம் பிரௌசரிடம் விட்டுவிடுங்கள். பெட்டி என்ன கேட்கிறது, பட்டனில் என்ன எழுதியிருக்கிறது என்பதை ஒவ்வொரு இடத்துக்கும் உட்கார்ந்து யோசித்து எழுதுங்கள். நிறம், நிழல், அனிமேஷன் எல்லாம் அதற்கப்புறம். நான் பார்க்கிற பல ஆப்களில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. பெட்டி ஜொலிக்கிறது, உள்ளே "ஆர் யூ ஷுர்?" என்று ஒரு வரி.

உதாரணத்துக்கு, நான் பார்த்துக்கொள்ளும் ஒரு கல்யாண மண்டப முன்பதிவு ஆப்பையே எடுத்துக்கொள்கிறேன். மேனேஜர் தேதி கொடுப்பார், முன்பணம் வரவு வைப்பார், சில சமயம் முன்பதிவை ரத்து செய்வார். பாப்-அப் தேவைப்படும் எல்லா ரகமும் அதில் உண்டு.

ஒரு வரியில் முடிகிற வேலைதானே?

ஜாவாஸ்கிரிப்ட் பிறந்த 1995 காலத்து நெட்ஸ்கேப்பிலிருந்தே அலர்ட், கன்ஃபர்ம், பிராம்ப்ட் என்று மூன்று இருக்கின்றன. ஒரு வரி எழுதினால் பெட்டி வந்துவிடும். பயனர் பதில் சொல்லும்வரை கோடு அந்த வரியிலேயே நிற்கும். இந்த வசதிக்காகத்தான் இன்றைக்கும் எத்தனையோ பில்லிங் ஆப்களில் கன்ஃபர்ம் உயிரோடு இருக்கிறது.

ஆனால் அது பிரௌசருடைய பெட்டி, நம்முடையது இல்லை. மேலே நம் தளத்தின் முகவரியை பிரௌசரே போட்டுக்கொள்ளும். பட்டன் பெயரை மாற்ற வழியே கிடையாது. நம் ஆப் முழுக்கத் தமிழில் இருந்தாலும், பிரௌசர் ஆங்கிலத்தில் இருந்தால் பட்டன்கள் "ஓகே", "கேன்சல்" என்றுதான் நிற்கும். இதன் விளைவை மண்டப ஆப்பில் பாருங்கள். "இந்த முன்பதிவைக் கேன்சல் செய்யவா?" என்று கேள்வி. கீழே "ஓகே", "கேன்சல்". கேன்சலை அமுக்கினால் முன்பதிவு போகுமா, இருக்குமா? முகூர்த்த சீசனில் எதிரே இரண்டு குடும்பங்களை உட்கார வைத்துக்கொண்டு இந்தப் புதிரை விடுவிக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. அலர்ட், கன்ஃபர்ம் பெட்டிகள் அடுத்தடுத்து வந்தால், "இந்தப் பக்கம் இனிமேல் பெட்டி காட்ட வேண்டாம்" என்ற பொருளில் ஒரு டிக் பாக்ஸை பிரௌசர் சேர்த்துக் காட்டும். எரிச்சலில் அதை டிக் செய்துவிட்டால், அதற்குப் பிறகு கன்ஃபர்ம் பெட்டியே வராது. கேள்வி கேட்காமலே "இல்லை" என்ற பதில் கோடுக்கு வந்துவிடும். "ரத்து பட்டன் வேலை செய்யலை சார்" என்று போன் வரும். நாம் நம் கம்ப்யூட்டரில் பார்த்தால் நன்றாகவே வேலை செய்யும்.

பிரௌசர் கம்பெனிகளுக்கும் இந்த மூன்றின் மேல் பிரியம் குறைந்துவிட்டது. 2021 ஜூலையில் வந்த குரோம் 92, வேறு தளத்திலிருந்து ஐஃபிரேமில் ஏற்றப்படும் பக்கங்கள் அலர்ட் காட்டுவதைத் தடுத்தது. ஏமாற்று வேலைகளைத் தடுப்பதுதான் நோக்கம். ஆனால் புரோகிராமிங் கற்றுத்தரும் தளங்கள் பல அந்த வழியில்தான் ஓடிக்கொண்டிருந்தன. பெரிய சத்தம் கிளம்பி, கூகுள் அந்த மாற்றத்தைத் தள்ளிவைத்தது. திசை தெரிந்துவிட்டது இல்லையா? புதிதாகக் கட்டுகிற ஆப்பை இதன்மேல் கட்ட வேண்டாம்.

நாமே கட்டிய காலம்

பாப்-அப் என்ற பெயரே கெட்டுப்போனதற்கு விளம்பரங்கள் காரணம். தொண்ணூறுகளின் கடைசியில் டிரைபாட் என்ற தளத்தில் வேலை பார்த்த ஈத்தன் சக்கர்மேன், விளம்பரத்தைத் தனி ஜன்னலில் திறக்கும் கோடு முதலில் எழுதியவர்களில் ஒருவர். ஒரு கார் கம்பெனியின் விளம்பரம் ஆபாசப் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு வந்ததில் பிரச்சினை கிளம்பியது. விளம்பரத்தைப் பக்கத்திலிருந்து பிரித்துக் காட்ட அவர் கண்ட வழி அது. 2014-இல் தி அட்லாண்டிக் இதழில் எழுதி, அதற்காக மன்னிப்பும் கேட்டார். அதற்குள் உலகம் முழுக்கத் தனி ஜன்னல்கள் பெருகி, பிரௌசர்கள் பாப்-அப் தடுப்பானைச் சேர்த்து, 2004-இல் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வழியாக இன்டர்நெட் எக்ஸ்புளோரரிலும் அது வந்துவிட்டது.

ஜன்னல் மூடப்பட்டதும் எல்லோரும் பக்கத்துக்குள்ளேயே பெட்டி வரைய ஆரம்பித்தோம். ஒரு டிவ், அதன் பின்னால் பக்கத்தையே மூடும் கறுப்புத் திரையாக இன்னொரு டிவ். 2005-இல் வந்த லைட்பாக்ஸ், பிறகு ஜேக்வெரி யூஐ, பூட்ஸ்டிராப், ஸ்வீட் அலர்ட் என்று வரிசையாக வந்தன. பார்க்க அழகு. ஆனால் பிரௌசரைப் பொறுத்தவரை அது வெறும் டிவ்தான். தனியாகக் கோடு எழுதிக் கவனிக்காவிட்டால், டேப் கீயை அமுக்கிக்கொண்டே போகும்போது ஃபோகஸ் பெட்டியை விட்டு நழுவித் திரைக்குப் பின்னால் இருக்கும் லிங்குகளுக்குப் போய்விடும். பார்வையற்றவர் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடருக்குப் பெட்டி ஒன்று திறந்திருப்பதே தெரியாது. எஸ்கேப் அடித்தால் மூட வேண்டும் என்பதையும் நாமே எழுத வேண்டும். எது மேலே, எது கீழே என்ற சண்டையில் இசட்-இன்டெக்ஸ் 9999 என்று ஒருவர் போட, அடுத்தவர் இன்னொரு 9 சேர்க்க, அந்தக் கூத்து தனி.

இந்தக் கதையில் 2014 ஆகஸ்ட் முக்கியமான மாதம். அப்போது வந்த குரோம் 37, மைக்ரோசாஃப்ட் காலத்து ஷோ-மோடல்-டயலாக் என்ற பழைய வசதியைத் தூக்கிவிட்டு, எச்டிஎம்எல்லில் டயலாக் என்ற புது டேக்கைக் கொண்டுவந்தது. ஆனால் மற்ற பிரௌசர்கள் அவசரப்படவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் 98, சஃபாரி 15.4 இரண்டிலும் அது வர 2022 மார்ச் ஆனது. அதனால்தான் இத்தனை பேருக்கு இன்னும் அது பழக்கத்துக்கு வரவில்லை.

டயலாக் டேக் இலவசமாகத் தருவது

டயலாக் டேக்குக்குள் உங்கள் உள்ளடக்கத்தை எழுதி, ஜாவாஸ்கிரிப்டில் ஷோ-மோடல் என்று கூப்பிட்டால் போதும். பெட்டி டாப் லேயர் என்ற தனி அடுக்குக்கு ஏறிவிடும். பக்கத்தில் எந்த எண் போட்டிருந்தாலும் அதற்கு மேலே நிற்கும். இசட்-இன்டெக்ஸ் சண்டை அதோடு முடிந்தது. பின்னால் இருக்கும் பக்கம் முழுக்கச் செயலற்றுப் போகும், டேப் கீ அங்கே போகாது. எஸ்கேப் வேலை செய்யும். பெட்டி மூடியதும், எந்தப் பட்டனிலிருந்து வந்தோமோ அங்கேயே ஃபோகஸ் திரும்பும். பின்திரைக்கு பேக்டிராப் என்ற தனி சிஎஸ்எஸ் பிடி இருக்கிறது. எந்த நிறம் வேண்டுமானாலும் பூசிக்கொள்ளலாம். ஸ்கிரீன் ரீடருக்கும் இது டயலாக் என்று தெரிந்துவிடும். தலைப்பை ஏரியா-லேபிள்டு-பை வழியாகக் கோத்துவிடுவது மட்டும் நம் வேலை.

இதையெல்லாம் நாமே எழுதினால் சில நூறு வரி ஆகும், அதிலும் ஓட்டை இருக்கும். ஆகவே இந்தப் பகுதியில் கை வைக்காதீர்கள் என்கிறேன்.

இருந்தாலும் சில பள்ளங்கள் இருக்கின்றன. சொல்லிவிடுகிறேன்.

உங்கள் சிஎஸ்எஸ் ரீசெட் எல்லாவற்றுக்கும் மார்ஜினை 0 ஆக்கினால், நடுவில் நிற்க வேண்டிய பெட்டி இடது மூலைக்கு ஓடிவிடும். டயலாக்குக்கு மட்டும் மார்ஜின் ஆட்டோ என்று திருப்பிக் கொடுங்கள். டயலாக்குக்கு நேரடியாக டிஸ்பிளே ஃபிளெக்ஸ் போட்டால், மூடியிருக்கும் பெட்டியும் பக்கத்தில் தெரிய ஆரம்பிக்கும். திறந்திருக்கும் நிலைக்கு மட்டும் ஸ்டைல் கொடுங்கள். "சேமித்தாயிற்று" என்று மூலையில் வந்து மறையும் குட்டி அறிவிப்பு சாதாரண டிவ்வாக இருந்தால், அது டயலாக்கின் பின்திரைக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். அதற்கு பாப்ஓவர் என்ற பண்பைப் பயன்படுத்தலாம், அதுவும் டாப் லேயருக்கு ஏறும். 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸ் 125 வந்ததோடு எல்லாப் பெரிய பிரௌசர்களிலும் பாப்ஓவர் வந்துவிட்டது.

எல்லாவற்றிலும் ஆபத்தான பள்ளம் இது. டயலாக்குக்குள் ஃபார்ம் வைத்து, அதன் மெதடை டயலாக் என்று கொடுத்தால், எந்தப் பட்டனை அமுக்கினார்களோ அதன் மதிப்பு ரிட்டர்ன்-வேல்யூ என்ற இடத்தில் உட்காரும். அருமையான வசதி. ஆனால் எஸ்கேப் அடித்து மூடினால் பிரௌசர் அந்த இடத்தைத் தொடாது. பழைய மதிப்பு அப்படியே இருக்கும். மண்டப ஆப்பில் ஒரே டயலாக்கை எல்லாக் கேள்விக்கும் பயன்படுத்துகிறோம் என்று வையுங்கள். மேனேஜர் முதல் முன்பதிவுக்கு "ரத்து செய்" கொடுத்தார். அடுத்து, தவறுதலாக இன்னொரு முன்பதிவில் ரத்து பட்டனைத் தொட்டுவிட்டு, பெட்டியைப் பார்த்ததும் எஸ்கேப் அடித்தார். ரிட்டர்ன்-வேல்யூவில் முந்தைய "ரத்து" இன்னும் இருக்கிறது. கோடு அதைப் படித்து, இரண்டாவது கல்யாணத்தையும் ரத்து செய்துவிடும். பரிகாரம் ஒரே வரி: ஒவ்வொரு முறை திறப்பதற்கு முன்பும் ரிட்டர்ன்-வேல்யூவைக் காலியாக்குங்கள்.

ஒரே ஒரு ஃபங்ஷன்

ஆப் முழுவதற்கும் "கேள்" என்று ஒரே ஒரு ஃபங்ஷன் வைத்திருக்கிறேன். அதற்குத் தருவது ஐந்து விஷயம்: தலைப்பு, விவரம், செயல் பட்டனின் பெயர், விலகும் பட்டனின் பெயர், இது ஆபத்தான செயலா இல்லையா. அது ஒரு பிராமிஸைத் திருப்பித் தரும். கூப்பிடும் இடத்தில் அவெயிட் போட்டால், பழைய கன்ஃபர்ம் மாதிரியே கோடு அந்த வரியில் காத்திருந்து பதிலை வாங்கிக்கொள்ளும். ஆனால் பக்கம் உறையாது. எஸ்கேப் அடித்தால் விலகியதாகவே கணக்கு.

ஆபத்தான செயல் என்றால் இரண்டு காரியம் தானாக நடக்கும். செயல் பட்டன் சிவப்பாகும். ஆட்டோஃபோகஸ் விலகும் பட்டனில் போய் உட்காரும். இரண்டாவது முக்கியம். சும்மா விட்டால் பிரௌசர் பொதுவாகப் பெட்டிக்குள் முதலில் இருக்கும் பட்டனுக்கு ஃபோகஸ் கொடுக்கும். அது "ரத்து செய்" ஆக இருந்து, பழக்கதோஷத்தில் என்டர் அடித்தால் வேலை முடிந்தது.

விவரத்தை உள்ளே வைக்கும்போது டெக்ஸ்ட்-கான்டென்ட் மட்டும்தான், இன்னர்-எச்டிஎம்எல் கிடையாது. வாடிக்கையாளர் பெயர் என்ற கட்டத்தில் யார் என்ன டைப் செய்வார்கள் என்று நமக்குத் தெரியாது. பெயருக்குப் பதில் ஒரு ஸ்கிரிப்ட் துண்டை எழுதிவைத்தால், மேனேஜர் அந்த முன்பதிவைத் திறக்கும்போது அது ஓடக் கூடாது.

"படம் வைக்கணும், மூணாவது பட்டன் வேணும், வீடியோ வேணும்" என்று ஒவ்வொரு திரையும் ஒவ்வொன்று கேட்கும். ஐந்து போதும் என்று பிடிவாதமாக இருக்கிறேன். அதற்கு மேல் தேவைப்படும் இடம் பெரும்பாலும் தனிப் பக்கமாகவே இருக்க வேண்டிய இடம். நிறம், எழுத்துரு, மூலை வளைவு ஆகியவற்றை சிஎஸ்எஸ் வேரியபிளாக வைத்துவிட்டால், அடுத்த மண்டபத்துக்கு அதே ஆப்பைக் கொடுக்கும்போது நான்கு வரியை மாற்றினால் போதும்.

கேள்வி சரியில்லை என்றால்

2018 ஜனவரி 13 காலை ஹவாய் மாநிலம் முழுக்க எல்லோருடைய போனிலும் ஏவுகணை வருகிறது என்ற எச்சரிக்கை வந்தது. பொய் எச்சரிக்கை, அதைத் திருத்திச் செய்தி அனுப்ப 38 நிமிடம் ஆனது. எச்சரிக்கையை அனுப்பிய ஊழியர், தாக்குதல் உண்மை என்றே நம்பியதாகச் சொன்னார். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் நடத்திய விசாரணையில் ஒரு விஷயம் வெளிவந்தது: எச்சரிக்கையை அனுப்பலாமா என்று மென்பொருள் உறுதி கேட்கத்தான் செய்தது. ஆனால் ஒத்திகை எச்சரிக்கைக்கும் நிஜ எச்சரிக்கைக்கும் அந்தக் கேள்வியின் வாசகம் ஒன்றே. "இது ஒத்திகை இல்லை, மாநிலம் முழுக்கப் போகும்" என்று அந்தப் பெட்டி சொல்லவே இல்லை.

சிட்டி பேங்க் கதை இன்னும் விலை உயர்ந்தது. 2020 ஆகஸ்டில் ரெவ்லான் கம்பெனியின் கடனுக்கு சுமார் 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டிய இடத்தில், அசலும் சேர்ந்து 89 கோடி டாலருக்கு மேல் வங்கியின் சொந்தப் பணம் வெளியே போய்விட்டது. மூன்று கட்டத்தில் நிரப்ப வேண்டியதை ஒன்றில் மட்டும் நிரப்பியிருந்தார்கள். மூன்று பேர் சரிபார்த்தார்கள். கடைசியில் ஒரு பாப்-அப்பும் வந்தது: பணம் வங்கிக்கு வெளியே போகும், தொடரவா என்ற பொருளில். எவ்வளவு பணம் என்று அதில் இல்லை. வட்டி எப்படியும் வெளியேதானே போக வேண்டும்? ஆகவே தொடர்ந்தார்கள். பணத்தைப் பெற்றவர்களில் சிலர் சுமார் 50 கோடி டாலரைத் திருப்பித் தர மறுக்க, வங்கி முதலில் வழக்கில் தோற்று, 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில்தான் தப்பித்தது. "89 கோடி டாலர் போகிறது" என்று அந்தப் பெட்டி எண்ணைச் சொல்லியிருந்தால் மூன்று பேரில் ஒருவராவது நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்.

மண்டப ஆப்புக்கு வருவோம். "நிச்சயமாக ரத்து செய்யவா?" என்பதற்குப் பதில் இப்போது பெட்டியில் வருவது இது:

"பிப்ரவரி 8, காலை முகூர்த்தம். இந்த முன்பதிவை ரத்து செய்தால் தேதி எல்லோருக்கும் திறந்துவிடும். வாங்கிய முன்பணம் ₹25,000 திருப்பித் தர வேண்டிய கணக்கில் சேரும்."

பட்டன்கள்: "முன்பதிவை ரத்து செய்", "முன்பதிவு இருக்கட்டும்". கேள்வியைப் படிக்காமல் பட்டனை மட்டும் பார்த்தாலும் என்ன நடக்கும் என்று தெரிந்துவிடும். எல்லா மாற்றத்திலும் அதிகப் பலன் தந்தது இதுதான்.

தமிழில் எழுதும்போது வடிவமைப்பிலும் ஒரு கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் நாலு எழுத்தில் முடியும் பட்டன் நமக்கு இரண்டு சொல், மூன்று சொல் ஆகும். பட்டனுக்கு அகலத்தை நிர்ணயித்து வைத்தால் எழுத்து வெளியே வழியும். அகலத்தை விட்டுவிட்டு, சின்னத் திரையில் பட்டன்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும்படி வையுங்கள். வரி உயரமும் தாராளமாக இருக்கட்டும். இல்லையென்றால் "கீ"யின் சுழியும் "ரு"வின் வாலும் வெட்டுப்படும்.

கேட்காமலே இருக்கலாம்

ஒவ்வொன்றுக்கும் "நிச்சயமா?" என்று கேட்கும் ஆப்பில் "ஆம்" என்பது, "சாப்பிட்டாச்சா?" என்றதும் "ஆச்சு, ஆச்சு" என்கிறோமே, அந்த மாதிரி ஆகிவிடும். பதில் பழக்கத்திலிருந்து வரும். கேள்வி காதில் விழாது. நிஜமாகவே முக்கியமான பெட்டி வரும் நாளிலும் அதே "ஆச்சு"தான்.

ஆகவே திருப்பி எடுக்க முடிகிற காரியத்துக்குப் பெட்டியே வேண்டாம். செய்துவிட்டு, "பழையபடி ஆக்கு" என்று ஒரு பட்டனைச் சில விநாடி காட்டினால் போதும். ஜிமெயிலில் அனுப்பிய மெயிலைத் திரும்ப இழுக்கிறோமே, அதே வழி. மண்டப ஆப்பில் குறிப்பு நீக்குவது, போன் நம்பர் மாற்றுவது, விருந்தாளி எண்ணிக்கையைத் திருத்துவது எல்லாம் இப்படித்தான். பெட்டி வருவது இரண்டு இடத்தில் மட்டும்: முன்பதிவு ரத்து, முன்பணத்தைத் திருப்புவது. இரண்டுமே வெளியே ஒரு மனிதரைப் பாதிக்கிறவை.

மார்க்கெட்டிங் ஆள் வரும்போது

கேட்கும் வாசகத்தை நம் கையில் எடுத்துக்கொண்டால், அதைக் கெட்ட காரியத்துக்கும் பயன்படுத்தலாம் என்று யாராவது சொல்வார்கள். "விலகும் பட்டன்ல 'எனக்குப் பணம் மிச்சம் பிடிக்க வேண்டாம்'னு போடுங்க சார், யாரும் அமுக்க மாட்டாங்க." இந்தியாவில் 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் 13 ஏமாற்று வடிவங்களைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். இப்படி வெட்கப்பட வைத்துச் சம்மதம் வாங்குவது அதில் ஒன்று. விடாமல் பெட்டி காட்டி நச்சரிப்பது இன்னொன்று. பிரான்ஸின் தனியுரிமை ஆணையமோ, குக்கீயை ஏற்பது ஒரே கிளிக்கில் முடிந்து, மறுக்க மட்டும் பல கிளிக் தேவைப்பட்டதற்காக, 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. மார்க்கெட்டிங் ஆளிடம் நியாயம் பேசிப் பலன் இல்லை என்றால் இந்தத் தொகைகளைச் சொல்லுங்கள், காதில் விழும்.

கொடுப்பதற்கு முன்

ஒரு பாப்-அப்பை முடித்துவிட்டோம் என்று சொல்வதற்கு முன் நான் பார்ப்பவை சில. மவுஸைத் தொடாமல் கீபோர்டிலேயே திறந்து, பதில் சொல்லி, மூட முடிகிறதா? எஸ்கேப் அடித்தால் ஒன்றுமே நடக்காமல் பழைய இடத்துக்கு வருகிறதா? ஒரு முறை "ரத்து செய்" கொடுத்துவிட்டு, உடனே இன்னொன்றைத் திறந்து எஸ்கேப் அடித்தாலும் அப்படியேதானா? எழுத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால், சின்ன போனில் பட்டன்கள் கைக்கு எட்டுகின்றனவா? பெட்டியில் மேனேஜருக்குத் தேவையான எண்ணும் தேதியும் இருக்கின்றனவா?

எல்லாம் சரி என்றால், ஆப்பை இதுவரை பார்த்திராத யாரிடமாவது பட்டன்களின் பெயரை மட்டும் போனில் படித்துக் காட்டுங்கள். "இதை அமுக்கினா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். சரியாகச் சொன்னால் பெட்டி தயார். அதற்கப்புறம் எந்த நிறம் வேண்டுமானாலும் பூசிக்கொள்ளட்டும். சொல்லவில்லை என்றால் சிஎஸ்எஸ்ஸை மூடிவைத்துவிட்டு, முதலில் வாக்கியத்தைத் திருத்துங்கள்.